மகளிர் குழு ஆரம்பிக்கப் போகிறீர்களா? லோன் பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் இதைப் படியுங்கள்

"குழு" என்று சொன்னால் இன்றைக்குக் கடலூர்ப் பக்கம் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது மைக்ரோ பைனான்ஸ்தான். வாரம் தவறாமல் பைக்கில் வந்து இறங்கி, சென்டர் லீடர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி ஆள் டியூ கட்டும்வரை யாரையும் எழுந்திருக்க விடமாட்டார்களே, அது. அது குழு இல்லை. கம்பெனி கொடுக்கும் கடன். ஒருத்திக்கு இன்னொருத்தி ஜாமீன் நிற்பதற்காகப் பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் உங்கள் சேமிப்பு என்று எதுவும் கிடையாது, கட்டுகிற வட்டியில் ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்குத் திரும்பாது.

நான் சொல்வது மகளிர் சுய உதவிக் குழு. 1989ல் தர்மபுரியில் சிறு அளவில் ஆரம்பித்து, 1992ல் நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி மூலம் வங்கி இணைப்பு வந்து, 1997-98ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போன அதே பழைய குழு. பழசுதான், ஆனால் கந்துவட்டியிலிருந்தும் தினம் வசூலிக்கிற தண்டலிலிருந்தும் ஒரு வீட்டைக் கழற்றி எடுக்க இதைவிட ஒழுங்கான வழியை நான் பார்க்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பணத்தைச் சேர்ந்து சேமியுங்கள், வியாபாரத்தைத் தனியாகச் செய்யுங்கள், முதல் ஆறு மாதம் வங்கிக் கடன் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இந்த மூன்றையும் தலைகீழாகச் செய்து கலைந்துபோன குழுக்கள்தான் ஊரில் அதிகம். சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் முழுக்க நிவாரணத்துக்காக அவசர அவசரமாகக் குழு கட்டினார்களே, நிவாரணம் நின்றதும் அதில் எத்தனை மிஞ்சியது என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள்.

யாரைச் சேர்ப்பது

விதிப்படி 10 பேரிலிருந்து 20 பேர் வரை சேரலாம். 12 பேர் போதும். 20 பேர் என்றால் கூட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும், கணக்கு முடிய இரவு பத்து மணி ஆகும், வீட்டில் ஏச்சு விழும். பத்தே பேராக வைத்துக்கொண்டால், இரண்டு பேர் வேலைக்காகத் திருப்பூர் போனதும் குழு எட்டாகிவிடும், வங்கியில் பேச்சு எடுபடாது.

ஒரே தெரு, இல்லையென்றால் நடந்து வரும் தூரம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தான். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் அந்த வீட்டுச் சண்டை உங்கள் கூட்டத்தில்தான் நடக்கும். ஏற்கெனவே இன்னொரு மகளிர் குழுவில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது. வசதியில் ரொம்ப ஏற்றத்தாழ்வு வேண்டாம். மீன் கூடை சுமக்கிறவரும் முந்திரி உடைக்கிறவரும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் நாலு பேருக்கு வட்டிக்கு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் உள்ளே வந்தால் ஆறே மாதத்தில் குழுவின் பணம் அவர் கைமாற்றுப் பணமாக மாறியிருக்கும்.

ஊரும் காலனியும் கலந்த குழு அமைந்தால் ரொம்ப நல்லது. ஆனால் கூட்டம் யார் வீட்டுத் திண்ணையில் என்பதிலேயே சிக்கல் ஆரம்பிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் முதல் நாளே பால்வாடி, பள்ளிக்கூட வராண்டா, நூலகக் கட்டிடம் என்று பொது இடமாகப் பிடித்துவிடுங்கள்.

எவ்வளவு, எப்போது

கூட்டத்தையும் சேமிப்பையும் மாதம் ஒரு முறை என்று வைக்காதீர்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் அது சரிவரும். நம் வீடுகளில் பணம் தினமும் வரும், இல்லையென்றால் வாரக் கடைசியில் வரும், வந்த வேகத்தில் போய்விடும். முந்திரி கம்பெனியில் சனிக்கிழமை கூலி போடுகிறார்கள் என்றால் கூட்டம் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளினால் கறி எடுத்தது போக மிச்சம்தான் குழுவுக்கு வரும்.

தொகையை முடிவு செய்யும்போது, இருப்பவர்களிலேயே கஷ்டப்படுகிறவர் யாரோ அவர் வேலை இல்லாத ஒரு வாரத்தில்கூட எவ்வளவு கட்ட முடியும் என்று கேளுங்கள், அதுதான் தொகை. பெரும்பாலும் 50 ரூபாயில் வந்து நிற்கும். "என்னக்கா, அம்பதுதானா, ஐநூறு போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஐந்நூறு போட ஆரம்பித்தால் நாலாவது வாரம் மூன்று பேர் வரமாட்டார்கள், அப்புறம் வெட்கத்தில் தெருவில் பார்த்தால்கூட ஒதுங்கிப் போவார்கள். 12 பேர் வாரம் 50 ரூபாய் என்றால் 600. 26 வாரத்தில் 15,600. ஒரு வருடத்தில் 31,200. வட்டி சேராமலே இவ்வளவு.

கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். எல்லோரும் வட்டமாக உட்காரணும், பணப்பெட்டி நடுவில். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். போன வாரம் பெட்டியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று புத்தகத்தைப் பார்க்காமல் ஒருவர் சொல்லணும், பிறகு புத்தகத்தைப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று படிக்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தச் சத்தம்போட்டுச் சொல்கிற கணக்குதான் பாதுகாப்பு. அவர்கள் தலையில் கணக்கு நிற்கிற அளவுக்கு நம் நோட்டில் நிற்காது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் எழுந்து வந்து பணத்தைப் பாயில் வைக்கிறார், ஒருவர் எண்ணுகிறார், இன்னொருவர் மறுபடி எண்ணுகிறார், தனிநபர் பாஸ்புக்கில் எழுதிக் கையெழுத்து. அப்புறம்தான் அடுத்த பெயர்.

இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது, ஊக்குநரின், அதாவது குழுத் தலைவியின், சொந்த நம்பருக்கு ஜிபே போட்டுவிட்டு "அக்கா, போட்டுட்டேன், கூட்டத்துக்கு வரல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இதை முதல் வாரமே நிறுத்துங்கள். ஊக்குநர் நல்லவராகவே இருந்தாலும் அவர் வீட்டுப் பணமும் குழுப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, சந்தேகம் மட்டும் மிஞ்சும். வர முடியாத வாரம் பணத்தைப் பக்கத்து வீட்டு உறுப்பினரிடம் கொடுத்தனுப்பட்டும்.

ஐந்து புத்தகம் வேண்டும்: வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பும் கடனும் எழுதும் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். இதில் தீர்மானப் புத்தகத்தைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது, தேநீர் வழங்கப்பட்டது" என்று எழுதி என்ன பிரயோஜனம்? இப்படி எழுதுங்கள்: "தீர்மானம் 3. உறுப்பினர் இன்னாருக்கு, மகள் காலேஜ் பீஸ் கட்ட, 2,000 ரூபாய் உள்கடன், 100க்கு மாதம் 2 ரூபாய் வட்டி, மாதம் 200 அசலாக 10 மாதத்தில் திருப்பித் தருவது என்று வந்திருந்த 11 பேரும் ஒத்துக்கொண்டோம்." கீழே 11 கையெழுத்தோ கைநாட்டோ. நாளைக்குத் தகராறு வந்தால் இந்த நாலு வரிதான் பேசும்.

எழுத ஆள் இல்லையென்றால் தெருவில் பிளஸ் டூவோ காலேஜோ படிக்கும் ஒரு பெண்ணைப் பிடித்து, குழு நிதியிலிருந்து மாதம் நூறு இருநூறு கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சும்மா எழுதச் சொன்னால் பரீட்சை வந்ததும் நோட்டு அப்படியே நிற்கும்.

உள்கடன்தான் விஷயமே

எட்டாவது வாரம் வந்தால் கையில் 4,800 இருக்கும். இதை வங்கியில் தூங்க வைக்காதீர்கள். உறுப்பினர்களுக்கே கடனாகச் சுற்றில் விடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக, அதுதான் உள்கடன். மருந்துச் செலவு, பள்ளிக்கூடம், அடகு வைத்த கம்மல், எதுவானாலும் சரி, வியாபாரத்துக்குத்தான் கடன் என்று ஆரம்பத்திலேயே அடம்பிடிக்க வேண்டாம். ஒரு வீடு தண்டல்காரரிடம் போகாமல் நின்றாலே அது வருமானம்தான்.

தண்டல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 கடன் என்பார், கையில் 8,500தான் தருவார், நாள் ஒன்றுக்கு நூறாக 100 நாள் கட்டணும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே, சராசரியாக உங்கள் கையில் நின்ற பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான், அதுவும் மூணேகால் மாதத்துக்கு. அப்படிப் பார்த்தால் பத்து வட்டிக்கு மேலே ஓடுகிறது. இதே அளவில் கையில் 2,000 வாங்கினால் 100 நாளில் 350 ரூபாய் போய்விடும். குழுவில் அதே 2,000த்தை இரண்டு வட்டிக்கு வாங்கி மாதம் 200 அசலாகக் கட்டினால் பத்து மாதத்துக்கும் சேர்த்து மொத்த வட்டி 220. அந்த 220ம் தண்டல்காரர் பைக்கில் ஏறிப் போகாது, உங்கள் பெட்டியிலேயே விழும், அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அநியாய வட்டிக்கு எதிராக 2003லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இரவே ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும் என்கிறவளுக்குச் சட்டம் பணம் தராது, பெட்டி தரும்.

இரண்டு வட்டி ஜாஸ்தி என்று சிலர் ஒன்றுக்குக் குறைப்பார்கள். ஆரம்பத்தில் இரண்டே இருக்கட்டும், நிதி வளர்ந்தபிறகு குறைக்கலாம். தவணை தவறினால் அபராதம் பத்து ரூபாய், கூட்டத்துக்கு வராவிட்டால் ஐந்து ரூபாய். தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் ஊக்குநருக்கும் சேர்த்து வாங்கணும்.

புருஷனுக்காக எடுக்கிற கடனை என்ன செய்வது என்று எல்லாக் குழுவிலும் கேட்பார்கள். ஆட்டோவுக்கு டயர் மாற்ற, வலை வாங்க என்றால் கொடுங்கள், ஆனால் தீர்மானத்தில் அப்படியே எழுதுங்கள். "குடும்பச் செலவு" என்று மூடி எழுதாதீர்கள். காரணம் எழுதப்பட்டு, அது பதினோரு பேருக்கும் தெரிந்திருந்தால், அந்தப் பணம் முள்ளோடை எல்லை தாண்டிப் புதுச்சேரிச் சாராயக் கடைக்குப் போவது கொஞ்சமாவது குறையும்.

வங்கிக்குப் போகும்போது

சேமிப்புக் கணக்கை இரண்டாவது மூன்றாவது மாதமே குழுவின் பெயரில் தொடங்கிவிடலாம். ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், இந்த மூன்று பேரின் ஆதாரும் போட்டோவும் போதும். கணக்கு தொடங்க 12 பேரின் கேஒய்சியும், அதாவது அடையாள ஆவணங்களும், கேட்கத் தேவையில்லை என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி. கவுன்டரில் "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றால் இதை அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடலூரில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்திலோ, உங்கள் ஒன்றிய அலுவலகத்தில் அரசின் ஊரக வாழ்வாதார இயக்கப் பணியாளரிடமோ சொல்லி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அதே பேப்பர், அதே கவுன்டர், அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஏன் என்று கேட்காதீர்கள்.

கடனுக்கு ஆறு மாதம் ஆகியிருக்கணும். அந்த ஆறு மாதம் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இல்லை, உங்கள் புத்தகத்தில் முதல் கூட்டம் எழுதிய நாளிலிருந்து. இதனால்தான் முதல் வாரத்திலிருந்தே புத்தகம் எழுதச் சொல்கிறேன். கடன் தருமுன் குழுவுக்கு மார்க் போடுகிற கிரேடிங்கில் வங்கிக்காரர்கள் பார்ப்பது ஐந்து விஷயம்: ஒழுங்காகக் கூட்டம், ஒழுங்காகச் சேமிப்பு, உள்கடன் சுற்றுகிறதா, திருப்பி வருகிறதா, கணக்கு எழுதியிருக்கிறதா. பெட்டியில் 15,600 அப்படியே இருந்தால் மார்க் குறையும், சுற்றிவிட்டு 16,500 ஆக்கியிருந்தால் ஏறும்.

ஊரக வாழ்வாதார இயக்கத்தில் பதிவான குழுவுக்கு முதல் முறை, மொத்த நிதியைப் போல 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், எது அதிகமோ அது. மேலே சொன்ன கணக்கில் 6 மடங்கு ஒரு லட்சத்தைக்கூடத் தாண்டாது, அதனால் 1.5 லட்சம் கேட்கலாம். இரண்டாவது முறை 8 மடங்கு அல்லது 3 லட்சம். 3 லட்சம் வரை வட்டி வருடத்துக்கு 7 சதவீதம். 10 லட்சம் வரை ஜாமீனும் கேட்கக் கூடாது, டெபாசிட் போடு என்றும் சொல்லக் கூடாது, உங்கள் சேமிப்பை முடக்கி வைக்கவும் கூடாது. இன்னொன்று, ஒரு உறுப்பினரோ அவர் வீட்டுக்காரரோ பழைய கடன் பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காக மொத்தக் குழுவுக்கும் கடன் மறுக்கக் கூடாது. ஆனால் வருகிற கடனில் பாக்கி வைத்திருக்கிற உறுப்பினருக்குப் பங்கு தரக்கூடாது. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 1.5 லட்சம் வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. 12ஆல் வகுத்து ஆளுக்கு 12,500. எல்லோருக்கும் சமம், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, ஒரு மாதத்தில் பணமும் இல்லை. தையல் மெஷின் வாங்குகிறவருக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பத்தாது, ஒன்றும் செய்யப் போகாதவருக்கு அது பிரிட்ஜ் முன்பணம். இதைத் தவிர்க்க, பணம் வருவதற்கு முன்னாலேயே, விண்ணப்பம் போடும் கூட்டத்திலேயே, யாருக்கு எவ்வளவு, எதற்கு, இந்த முறை எடுக்காதவருக்கு அடுத்த முறை முன்னுரிமை என்று தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பணம் வந்தபிறகு பேசினால் "நானும்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன், எனக்கு மட்டும் ஏன் இல்ல" என்றுதான் கேட்பார்கள், அந்தக் கேள்வியில் தப்பும் இல்லை.

தவணை எப்போது என்பதும் அதே கூட்டத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் மீன் விற்கிறவருக்கு அந்த இரண்டு மாதம் வரவு சுருங்கிவிடும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் அதே கதி. அவர் தவணையை மற்ற மாதங்களில் கூட்டி வைத்து, அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்டச் சொல்லுங்கள். குழு உள்ளே எப்படி வசூலித்தாலும் வங்கிக்குப் போகும் தவணை தவறக் கூடாது, அதற்குத்தான் சொந்த நிதி. மீனவ மகளிருக்கு இன்னொன்றும் உண்டு, மீன்வளத் துறையின் சேமிப்பு நிவாரணத் திட்டம். நீங்கள் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் தரும். அதை வாங்கிக் குழுக் கடனில் கட்டலாம்.

வியாபாரத்தைத் தனியாகச் செய்யுங்கள்

பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊறுகாய் போடுவது போட்டோவுக்கு அழகாக இருக்கும். கணக்குக்கு ஆகாது. காலையில் ஆறு மணிக்கு நாலு பேர் வருவார்கள், பங்கு பிரிக்கும்போது பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர், மிஞ்சினால் அக்கா தங்கை மாதிரி ஒத்துப்போகிற இரண்டு பேர், அவ்வளவுதான் ஒரு தொழிலுக்கு. சேர்ந்து செய்யத் தகுந்தது சாமான் வாங்குவது, ஒரு பெரிய கிரைண்டரையோ பேக்கிங் மெஷினையோ குழு வாங்கி மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவது, ஒரே ஆளால் முடியாத சமையல் ஆர்டர். பள்ளிகளில் காலை உணவுத் திட்டச் சமையலுக்கும் குழு உறுப்பினர்களைத்தான் எடுக்கிறார்கள், அது சம்பள வேலை, கிடைத்தால் விடாதீர்கள்.

என்ன தொழில் என்று கேட்டால், உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும். முந்திரி உடைக்கத் தெரிந்தவர்கள் கிலோக் கூலிக்கு உடைத்துக்கொண்டே இருப்பதைவிட, பிளவுப் பருப்பும் துண்டுப் பருப்பும் மொத்தமாக வாங்கித் தரம் பிரித்து ஸ்வீட் கடைகளுக்குக் கொடுத்தால் கையும் தோல்பால் பட்டு வேகாது. பலா சிப்ஸில் எண்ணெய்ச் செலவு ஆளை விழுங்கும், சீசனும் சில மாதம்தான். டவுனில் இருந்தால் இட்லி மாவு, தினசரிக் காசு, ஆனால் மஞ்சக்குப்பத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு பேர் மாவு விற்கிறார்கள், உங்கள் தெருவை முதலில் எண்ணிப் பாருங்கள்.

கருவாட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்குத் தெரியாமல் நஷ்டப்படுகிறவர்கள் இதில்தான் அதிகம். நெத்திலி 20 கிலோ, மலிவான நாளில் கிலோ 80 என்று வையுங்கள், 1,600. ஆட்டோ, ஐஸ் 150. உப்பு 60. இரண்டு பேர் உழைப்பு ஆளுக்கு 350 வீதம் 700. கவரும் ஸ்டிக்கரும் 100. மொத்தம் 2,610. காய்ந்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், 5 கிலோ. கால் கிலோ பாக்கெட் 20 வரும், ஒரு பாக்கெட் அடக்கம் 130 ரூபாய் 50 காசு. 165க்கு விற்றால் நிற்கும். அதே நெத்திலி 120க்கு ஏறிய நாளில் வாங்கினால் அடக்கமே 170ஐத் தொட்டுவிடும். அதனால் மீன் மலிவாகக் குவியும் நாளில் கையில் ரொக்கம் இருப்பதுதான் இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமம், குழுக் கடன் வேலை செய்வது அங்கேதான். விலையெல்லாம் உதாரணத்துக்குச் சொன்னது, உங்கள் ஏலக்கூட விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள். ஆனால் உங்கள் கூலி 350ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். "நம்ம வேலைதானே" என்று அதை விட்டுக் கணக்குப் போட்டு லாபம் என்று நினைத்தால், உங்கள் உழைப்பைத்தான் பாக்கெட் போட்டு விற்கிறீர்கள்.

மணலில் காயப் போடாதீர்கள். நாலு மூங்கில் நட்டு இடுப்பு உயரத்துக்குப் பழைய வலையைக் கட்டி அதன் மேல் பரப்பினால் கீழிருந்தும் காற்று ஓடும், மண் நெறநெறக்காது, நாய் வாய் வைக்காது. மேலே கொசுவலை. ஈ வராமல் இருக்க மருந்து அடிக்கும் வேலையே வேண்டாம். ஒன்றை எடுத்து வளைத்தால் டக்கென்று ஒடியணும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். மழைக்காலத்தில் இந்தத் தொழிலை மூடிவிட்டு ஸ்டாக்கை மட்டும் விற்கலாம்.

பாக்கெட்டில் விற்கப்போனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், சிறு வியாபாரிக்கு வருடம் 100 ரூபாய்தான், ஆன்லைனில் போடலாம். அந்த 14 இலக்க எண், எடை, பேக் செய்த தேதி, விலை, உங்கள் முகவரி கவரில் இருக்கணும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், யாராவது 2,000 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியன் வங்கி நடத்தும் சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிறது, பயிற்சி இலவசம்.

விற்க, முதலில் கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், காராமணிக்குப்பம் சந்தை மாதிரி தெரிந்த இடங்கள். குழுக்களின் பொருள் விற்கிற பூமாலை வணிக வளாகத்திலும் கண்காட்சிகளிலும் ஸ்டால் கிடைக்கும்போது போங்கள், ஆனால் அதை நம்பிச் சரக்குப் போடாதீர்கள். புதுச்சேரி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு விலை. காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டத்தில் கருவாடு நிற்காது, அங்கே துணி, பை, டெரகோட்டா ஓடும். கருவாட்டுக்குப் பெரிய மார்க்கெட்டும் வீடுகளும்தான். கடன் சொல்லும் கடைக்கு முதல் லோடை மட்டும் கொடுங்கள், அந்தக் காசு வந்தபிறகுதான் இரண்டாவது.

பாகூர், அரியாங்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டின் மகளிர் திட்டம் உங்களுக்கு இல்லை. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் கீழ் உங்கள் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் பதிவு செய்யணும். வங்கி விதிகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

தள்ளுபடிப் பேச்சு, விலகல், கலைப்பு

தேர்தல் வந்தால் "குழுக் கடன் தள்ளுபடியாம்" என்று ஒரு பேச்சு கிளம்பும். 2021ல் தள்ளுபடி ஆனது கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த குழுக் கடன், அதுவும் அந்த மார்ச் 31 வரை நின்ற பாக்கி. கமர்ஷியல் வங்கிக் கடனுக்கு அது பொருந்தவில்லை. அதையும் சேர்த்து நம்பித் தவணையை நிறுத்தினால் அடுத்த முறைக் கடன் மொத்தக் குழுவுக்கும் நிற்கும். ஆளுக்கு வருடம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, இரண்டையும் முதல் வருடமே எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். ஒரு உறுப்பினர் திடீரென்று இறந்துபோனால், இழவு வீட்டுக்குப் போய்க் கடன் கேட்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

ஊக்குநரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மாற்றும்போது வங்கியில் கையெழுத்தும் மாறணும், தீர்மான நகலோடு.

விலகுகிறவருக்கு அவர் சேமிப்பு, அவர் பங்கு வட்டி, கழிக்க வேண்டிய கடன், எல்லாம் கூட்டத்தில் வைத்துக் கணக்குப் பார்த்து அன்றைக்கே கொடுத்து, பாஸ்புக்கைத் திரும்ப வாங்கி ரத்து என்று எழுதிவிடுங்கள். மொத்தக் குழுவையும் முடித்துக்கொள்வதாக இருந்தால் முதலில் வங்கிக் கடனைக் கட்டி நிலுவை இல்லை என்று சான்று, பிறகு உறுப்பினர் கடன் வசூல், பிறகுதான் பங்கு. அரசு குழுவுக்குத் தருகிற சுழல் நிதி வாங்கியிருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். கணக்கை மூட எல்லோரும் கையெழுத்திட்ட கடைசித் தீர்மானம் வங்கிக்கு வேண்டும். புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாமல் ஊராட்சியில் உள்ள குழுக்களின் கூட்டமைப்பில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது வந்து "என் சேமிப்பு எங்கே" என்று கேட்பார்கள்.